நாள்வழி எழுதுங்கள், ஐந்தொகையை அப்புறம் பார்ப்போம்: அன்றாட வேலையை வைத்து இலக்கை நடத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் பதினோரு வருடமாக டேலி என்கிற கணக்கு மென்பொருளும் கணக்குப் பதிவும் சொல்லிக்கொடுக்கிறேன். சேருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரமே ஒரு கோடு போட்ட நோட்டுக் கொடுப்பேன். வருஷக் கடைசியில் என்ன ஆகணும் என்பதை முதல் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிவிட வேண்டும். மீதிப் பக்கமெல்லாம் இன்றைக்கு என்ன செய்தேன் என்பதுதான். இந்த நோட்டை வைத்து இத்தனை சந்தேகம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. பிள்ளைகள் கேட்டார்கள், கூட்டிப்போக வரும் அம்மாக்கள் கேட்டார்கள், சாயங்காலம் ஊருணிக்கரையில் என்னோடு நடக்கிறவர்கள் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். சிலருக்கு நான் மிஸ், சிலருக்கு ஆச்சி.

1. அப்ப இலக்கே வேண்டாங்கிறீங்களா மிஸ்?

வேண்டும். எங்கே போகிறோம் என்று தெரியாமல் தினமும் எந்த வேலையைச் செய்வது என்று எப்படி முடிவு செய்வீர்கள்? அதற்காகத்தான் முதல் பக்கம்.

பழைய வட்டிக்கடைக் கணக்கில் மூன்று படி உண்டு. அன்றன்றைக்கு நடந்த வரவு செலவை, நடந்த வரிசையிலேயே, அன்றைக்கே எழுதுவது நாள்வழி. அதிலிருந்து ஆள்வாரியாக, இனவாரியாகப் பிரித்துப் பதிவது பேரேடு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வரவேண்டியது எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு, லாபமா நட்டமா என்று பார்ப்பது ஐந்தொகை. உலகத்தில் எந்தக் கணக்குப்பிள்ளையும் ஐந்தொகையை மட்டும் தனியாக உட்கார்ந்து எழுதிவிட முடியாது. எழுதினால் அது கள்ளக் கணக்கு. நாள்வழி ஒழுங்காக இருந்தால் ஐந்தொகை வந்தே தீரும், நல்லதோ கெட்டதோ.

நம்மில் பலர் ஜனவரி ஒன்றாம் தேதி ஐந்தொகையை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, நாள்வழியைத் திறக்காமலே டிசம்பர் வரை அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

2. எனக்கு குரூப் 4 பாஸ் பண்ணணும், அவ்வளவுதான். இதுல அன்றாட வேலைன்னு எதை எழுதுறது?

ஒரு வரி எழுதிவிட்டு அதை இரண்டு விதமாக உரசிப் பாருங்கள். ராத்திரி படுக்கும்போது ‘செய்தேன்’ அல்லது ‘செய்யவில்லை’ என்று தயங்காமல் சொல்ல முடிகிறதா? அதைச் செய்வது முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறதா? ‘நல்லாப் படிக்கணும்’ முதல் உரசலிலேயே போய்விடும். ‘மாதிரித் தேர்வில் முதல் இடம்’ இரண்டாவதில் போய்விடும், பக்கத்து பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்று நீங்கள் முடிவு செய்ய முடியாதே.

குரூப் 4 தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 வாங்காவிட்டால் மற்றதைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள். இவ்வளவும் முன்கூட்டியே தெரியும். ஆனால் கட் ஆஃப் எங்கே நிற்கும் என்பது எத்தனை காலியிடம், எத்தனை பேர் எழுதினார்கள், உங்கள் பிரிவில் மற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. அதை நினைத்துக்கொண்டு படுத்தால் தூக்கம்தான் போகும்.

ஆகவே நோட்டில் எழுதவேண்டியது இப்படி: ‘காலைக் காப்பி குடித்ததும் பழைய வினாத்தாளிலிருந்து திறனறிவுக் கணக்கு 10. தப்பானதை மறுபடி போட்டுப் பார்ப்பது.’ இன்னொன்று: ‘பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இரண்டு பக்கம். மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து ஐந்து வரி.’ மூடி வைப்பது முக்கியம். திறந்த புத்தகத்தைப் பார்க்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும்.

3. தினம் ஆறு மணி நேரம்னு போட்டிருக்கேன். பெருசா வச்சாத்தானே ஓடும்?

இதைக் கேட்ட பையனிடம் எத்தனை நாள் ஓடியது என்று கேட்டேன். நாலு நாள்.

அளவை உங்களுடைய நல்ல நாளை வைத்துப் போடாதீர்கள். கரண்ட் இல்லாத நாள், வீட்டில் விருந்தாள், தலைவலி, மழையில் நனைந்து வந்த நாள், அப்படிப்பட்ட நாளிலும் செய்துவிட முடிகிற அளவுதான் சரியான அளவு. நல்ல நாளில் கூடுதலாகச் செய்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

நானும் இதில் பட்டவள்தான். எங்கள் ஐயாவின், அதாவது தாத்தாவின், கணக்கு நோட்டுகள் இரண்டாங்கட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்தன. ஒரு மே மாத லீவில் ‘இந்த மாதத்துக்குள் எல்லாவற்றையும் படித்துப் பட்டியல் போட்டுவிடுவேன்’ என்று உட்கார்ந்தேன். தமிழ் எண்கள், அரைக்கால், வீசம், மாகாணி என்று பின்னங்கள், எழுத்தோடு எழுத்து ஒட்டிக்கொண்ட கையெழுத்து, போதாததற்குத் தூசி. ஆறாம் நாள் தும்மலோடு பெட்டியை மூடினேன். மூன்று வருடம் அது மூடியே கிடந்தது. பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டே பக்கம் என்று வைத்துக்கொண்டேன். இப்போது நாலாவது நோட்டு முடிகிறது. இன்னும் ஏழு இருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

4. பிள்ளைங்க ஸ்கூல், அடுப்பு, மாமியாருக்கு மருந்து. எனக்குன்னு நேரமே கிடையாது ஆச்சி. எப்பச் செய்றது?

மணி பார்க்காதீர்கள். எந்த வேலைக்கு அடுத்து என்று பாருங்கள். ‘காலை பத்து மணிக்கு’ என்று எழுதினால் பத்து மணி ஏதாவது ஒரு ரூபத்தில் பறிபோய்விடும். ‘இது முடிந்ததும் அது’ என்று எழுதினால் முதல் வேலையே இரண்டாவதைக் கூப்பிட்டுவிடும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்து 1999ல் தொகுத்து எழுதினார். செய்யவேண்டும் என்று நினைப்பதோடு நில்லாமல், எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதிகம் செய்துமுடிக்கிறார்கள் என்பது அதன் சாரம்.

இதைக் கேட்ட அம்மா தையல் பழகுகிறவர். அவர் கடைசியில் எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தது: ‘ஸ்கூல் வேன் போனதும் கேட்டைச் சாத்திவிட்டு, உள்ளே போகாமல் முகப்பிலேயே உட்கார்ந்து துண்டுத் துணியில் இரண்டு காஜா.’ காஜா என்றால் பொத்தான் துளை. உள்ளே கால் வைத்தால் அடுப்படி பிடித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். ஊசியும் நூலும் துணியும் ஒரு பிஸ்கட் டப்பாவில் முகப்புத் தூணோரம் இருக்கின்றன.

5. 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு சொல்றாங்களே?

அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக ‘குறைந்தது’ 21 நாள் ஆகிறது என்று 1960ல் எழுதினார். போகப்போக ‘குறைந்தது’ கழன்று விழுந்துவிட்டது. முகமும் போய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 என்று ஆகிவிட்டது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவரோடு சேர்ந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். தினமும் ஒரே சமயத்தில் ஒரு சின்ன வேலை: சாப்பாட்டோடு ஒரு பழம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓட்டம், இந்த மாதிரி. யோசிக்காமல் தானாக நடக்கும் நிலை வர எடுத்த காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. நடு அளவு 66. தண்ணீர் குடிப்பது மாதிரியானது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தது. ஆகவே 22ஆம் நாள் காலையில் படுக்கையை விட்டு எழக் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் குறை ஒன்றும் இல்லை.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் 21 நாளுக்கு ஒரு மரியாதை உண்டு. திருக்கார்த்திகையிலிருந்து எண்ணி 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. 21 இழை நூலைத் திரியாக்கி இழை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். சின்ன வயதில் எனக்கு அந்தச் சுடரைவிட, நாளுக்கு ஓர் இழை என்கிற கணக்குத்தான் பிடிக்கும். ஆனால் அது நோன்புக் கணக்கு. பழக்கத்துக்கு அந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

6. ஒரு நாள் விட்டுப்போச்சு. முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?

வேண்டாம். மேலே சொன்ன ஆராய்ச்சியிலேயே, எப்போதாவது ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று கண்டார்கள்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுவோம். அழிப்பதில்லை. பக்கத்தைக் கிழிப்பது கூடவே கூடாது, கிழித்த நோட்டை யாரும் நம்பமாட்டார்கள். உங்கள் நோட்டும் அப்படித்தான். விட்டுப்போன நாளுக்குத் தேதியைப் போட்டு ‘இல்லை’ என்று எழுதுங்கள். முடிந்தால் காரணமும் ஒரு வார்த்தை: கல்யாணம், காய்ச்சல், சோம்பல். இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால் ‘இல்லை’ எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளாக இருப்பது தெரியும். புது நோட்டு வாங்கி ஒன்றாம் தேதியிலிருந்து தொடங்கியிருந்தால் அது தெரிந்திருக்காது.

எங்கள் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் முன்னும் பின்னுமாக நாலைந்து நாள் போய்விடும், அதைக் கணக்கில் வைத்தே சொல்கிறேன். திரும்பி வந்த மறுநாள் மட்டும் விடாதீர்கள். அன்றைக்குப் பாதி அளவு செய்தாலும் போதும்.

7. ‘கடமையைச் செய், பலனை எதிர்பாராதே’ன்னு சொல்றதுதானே இது?

இல்லை. அது ஞானிகளுக்கு. நாம் பலனை எதிர்பார்த்துத்தான் செய்கிறோம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடியோடு நடக்கிறவர்கள் பழனியை எதிர்பார்க்காமலா நடக்கிறார்கள்? ஆனால் வழியில் சிங்கம்புணரியில் காலை நீட்டி உட்கார்ந்து கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், அவர் அடுத்து எங்கே தங்கல், காலை எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்றுதான் பேசுவார். பழனி அவர் மனசில் இருக்கிறது. அன்றைக்கு வேலை காலுக்கு.

8. மூணு மாசமா தினம் நடக்கிறேன் ஆச்சி, எடை குறையவே இல்லையே. எப்பத்தான் பலனைப் பாக்குறது?

தினமும் எடை பார்க்காதீர்கள். உடம்பில் இருக்கிற தண்ணீர், முதல் நாள் சாப்பிட்ட உப்பு, வயிறு சுத்தமானதா என்பதைப் பொறுத்தே ஒரு கிலோ ஏறும், இறங்கும். கல்யாண வீட்டு இலையில் உட்கார்ந்துவிட்டு வந்த மறுநாள் மெஷினில் ஏறி அழுதவர்களை எனக்குத் தெரியும். வாரம் ஒரு நாள், காலையில், ஒரே நேரத்தில் பார்த்து எழுதுங்கள். நாலு வாரத்தைச் சேர்த்துவைத்துப் பேசுவோம். சர்க்கரையில் மூன்று மாதச் சராசரி என்று எடுக்கிறார்களே, ஹெச்பிஏ1சி, அதற்கும் காரணம் உண்டு: ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். நேற்று நடந்தது இன்றைக்கு அதில் தெரியவே தெரியாது. ஒவ்வொரு பலனுக்கும் அதனதன் ஐந்தொகைக் காலம் இருக்கிறது.

ஆனால் காலம் வந்த பிறகு பார்க்காமல் இருப்பதும் தப்பு. நாள்வழி நிறைந்திருக்கிறது, மூன்று மாதமாகப் பலன் அசையவில்லை என்றால் வேலையைத்தான் மாற்றவேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150லிருந்து 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிறது. இதைக் கேட்டவரின் நோட்டைப் பார்த்தோம். ஊருணியை ஒரு சுற்று, பேசிக்கொண்டே 15 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். கூட்டினால் 90. அப்புறம் பேச்சுவாக்கில் வந்தது, சுற்று முடிந்ததும் டீக்கடையில் வெள்ளைப் பணியாரம் இரண்டு, காரச் சட்னியோடு. அது நோட்டில் இல்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டால் எந்த ஐந்தொகையும் நேராகாது என்று சொன்னேன், சிரித்துவிட்டார். இப்போது இரண்டு சுற்று. பணியாரம் சனிக்கிழமை மட்டும், அதுவும் நோட்டில் ஏறுகிறது. மாத்திரை அளவை மட்டும் உங்கள் நோட்டைப் பார்த்து நீங்களே மாற்றாதீர்கள், அது டாக்டர் வேலை.

9. இதெல்லாம் சரி மிஸ், எங்க முதலாளி ரிசல்ட்தானே கேக்குறார்? மாசம் 15 வண்டி விக்கணும்.

அவர் கேட்பது நியாயம். ‘சார், நான் தினமும் ஒழுங்காக வேலை செய்தேன்’ என்று நோட்டைக் காட்டி டார்கெட்டிலிருந்து தப்பிக்க முடியாது, முயற்சி செய்யாதீர்கள். அவருக்கு அவர் கேட்கிற எண்ணைக் கொடுங்கள். உங்களுக்கு வேறு எண் வேண்டும். விசாரித்துவிட்டுப் போனவர்களில் எத்தனை பேருக்கு அன்றைக்கே திரும்பப் பேசினேன், எத்தனை பேரை ஓட்டிப் பார்க்க வைத்தேன் என்பது மாதிரி. 12 வண்டியில் மாதம் முடிந்தால், முதலாளிக்கு 12 மட்டும் தெரியும். உங்களுக்கு எந்த வாரம் போன் போடாமல் விட்டோம் என்று தெரியும்.

பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்தவர்கள் ஏஜெண்டை மூன்று வருடக் கணக்குக்கு அனுப்புவார்கள். முதலாளி ஊரில் இருப்பார். லாபம் என்ன என்பது மூன்று வருடம் கழித்துத்தான் முடிவாகத் தெரியும். அதுவரை அவரை நிம்மதியாகத் தூங்கவைத்தது, கடையில் நாள் தவறாமல் நாள்வழி எழுதுகிறார்கள் என்கிற நம்பிக்கைதான்.

10. 90 நாள் விடாம தினம் 10 கணக்குப் போட்டேன் மிஸ். மாக் டெஸ்ட்ல மார்க் ஏறவே இல்லை. டிக் அடிக்கிறதே வேலையாப் போச்சு.

இதுதான் இந்த முறையில் இருக்கிற பெரிய பள்ளம். கேட்ட பையனின் நோட்டைப் புரட்டினேன். அழகான டிக். 90 நாளும் சதவீதக் கணக்கு. அவனுக்கு ஏற்கெனவே கை வந்தது அதுதான். தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், ஆட்களும் நாட்களும், இவை எதையும் தொடவில்லை. பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை. டிக் வேண்டும் என்றால் கை தானாகவே சுலபமான டிக்கைத் தேடிப்போகும். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975ல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒன்று இப்போது எல்லாத் துறையிலும் வழங்குகிறது: எதை வைத்து அளக்கிறோமோ அதையே இலக்காக்கிவிட்டால் பிறகு அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார். அச்சை நேராகத் தூக்குகிறார், கொஞ்சம் சாய்ந்தால் மஞ்சள் சிவப்போடு கலந்துவிடும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை அப்பிச் சமன் செய்கிறார். கல்லின் முகம் கீழே கண்ணாடியில் இருக்கிறது, அவருக்குத் தெரிவது முதுகு மட்டும். காய்ந்து, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடந்து, கண்ணாடி விட்ட பிறகுதான் முகத்தைப் பார்க்க முடியும். சூளை கிடையாது, சுட்டுச் சரிசெய்யவும் முடியாது. ஆகவே போடும்போது அவர் கவனம் முழுக்கக் குழம்பின் பதத்திலும் கை ஆடாமல் இருப்பதிலும்தான். ஆனால் கண்ணாடி விட்டதும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்க்கிறார். ஒரு கல்லின் ஓரத்தில் சாயம் வழிந்திருந்ததை எனக்குக் காட்டி, ‘அன்னைக்குக் குழம்பு கொஞ்சம் நீர்த்துப் போச்சு’ என்றார்.

அந்தப் பையனிடம் இல்லாதது இந்தச் சாய்த்துப் பார்த்தல்தான். வரியை மாற்றினோம்: ‘10 கணக்கு, அதில் நாலு போன வாரம் தப்பானது.’ டிக் அடிக்கும் இடத்தில் எத்தனை சரி, எங்கே இடறியது என்று எழுதச் சொன்னேன். 10க்கு 10 சரியாக வந்தால் அன்றைக்குப் போட்ட கணக்கு அவனுக்குச் சுலபமானது என்றே அர்த்தம். மறுநாள் கடினமானதை எடுக்கவேண்டும்.

11. பெரிய, தெளிவான இலக்கு வச்சவங்கதான் அதிகம் சாதிக்கிறாங்கன்னு ஆராய்ச்சியே இருக்காமே?

இருக்கிறது, நல்ல ஆராய்ச்சிதான். எட்வின் லாக், கேரி லாதம் இருவரும் பல பத்தாண்டுகள் செய்தது. ‘முடிந்தவரை செய்’ என்பதைவிட, தெளிவான கடினமான இலக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் அதற்கு அவர்களே சில நிபந்தனை சொல்கிறார்கள்: திறமை இருக்கவேண்டும், மனசார ஏற்றிருக்கவேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டே இருக்கவேண்டும். வேலையே புதிதாக, சிக்கலாக இருக்கும்போது எண்ணைத் துரத்துவதைவிட, கற்றுக்கொள்வதையே இலக்காக வைப்பது நல்லது என்பதையும் அந்த வழி ஆராய்ச்சிகள் காட்டின.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 1997ல் சிம்மர்மன், கிட்சாண்டஸ் என்ற இருவர் பள்ளி மாணவிகளுக்கு அம்பு எறியும் டார்ட்ஸ் விளையாட்டைப் பழக்கினார்கள். சிலருக்கு மார்க்கைப் பார் என்றார்கள். சிலருக்குக் கை எப்படிப் போகிறது என்பதை மட்டும் பார் என்றார்கள். சிலருக்கு முதலில் கையைப் பார், அது படிந்த பிறகு மார்க்கைப் பார் என்றார்கள். கடைசிக் கூட்டம்தான் எல்லாரையும்விட நன்றாக எறிந்தது. மார்க்கை மட்டும் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். எறிவதைக் குறித்துவைத்துக்கொண்டே பழகியவர்கள் குறிக்காதவர்களைவிட மேலே வந்தார்கள். என் நோட்டுக்கு வெளியூர்ச் சாட்சி கிடைத்த சந்தோஷம் எனக்கு.

ஆகவே தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது 2ஆம் கேள்வியில் சொன்னபடி போங்கள். கடைசி ஆறு வாரம் கடிகாரத்தை வைத்து முழுத் தாள் எழுதி, மார்க்கைப் பாருங்கள். அப்போது அது பயமுறுத்தாது, எதைத் திருத்தவேண்டும் என்று சொல்லும்.

12. எல்லாம் ஒழுங்கா செஞ்சும் கடைசில தோத்துட்டா, செஞ்சதெல்லாம் வீண்தானே?

தோற்கலாம். இந்த முறை ஜெயிப்பதற்கு உத்தரவாதம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஐயா பதினாலு வயதில் பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். அங்கே பெரியவர்களுக்குத் தண்ணீர் எடுத்துவைத்து, கடையைப் பெருக்கி, ராத்திரி நாள்வழி எழுதுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டல் சரிபார்ப்பதுதான் வேலை. அந்தக் காலத்து ஐந்தொகை சாதாரணமானது இல்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938ல் 25 சதவீதம். நெல் விலை விழுந்து, கடன் கட்டமுடியாத விவசாயிகள் இழந்த நிலம் அது. அதை வெறும் வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1942ல் ஜப்பான் படை வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948ல் பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. அவ்வளவு பெரிய ஐந்தொகை இரண்டு பத்தாண்டுக்குள் காணாமல் போனது.

ஐயா ஊருக்கு வரும்போது கையில் கொண்டுவந்தது கொஞ்சம் துணியும் அந்த நோட்டுகளும். கூட்டல் பிசகாத கையும் கூட வந்தது. தேவகோட்டையில் ஒரு அரிசி ஆலையில் கணக்கெழுதி ஏழு பிள்ளைகளைக் கரையேற்றினார். அவர் இழந்ததற்கு அது ஈடா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் பர்மாவைப் பற்றிப் பேசவே மாட்டார். ஆனால் 3ஆம் கேள்வியில் சொன்ன பெட்டியில், ஊர் திரும்பிய வருடத்து நோட்டில் முதல் வரி, பிள்ளையார் சுழிக்குக் கீழே, ஒரு படி உப்பு வாங்கிய செலவு.

13. எப்ப விடாம செய்யணும், எப்ப விட்டுடணும்? எப்படித் தெரியும்?

இதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. நான் கேட்பது இரண்டுதான். வேலை பிடிக்கவில்லையா, அல்லது முதல் பக்கத்து வரியே இப்போது உங்களுடையதாக இல்லையா? வேலை மட்டும் அலுத்தால் வேலையை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், இடத்தை மாற்றலாம். வரியே கசந்துவிட்டால் வைராக்கியத்துக்காகத் தொடரவேண்டியது இல்லை. அதே மாதிரி, ஒரு வேலை நோட்டே இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டால் அதை எழுதுவதையும் நிறுத்திவிடலாம். பல் தேய்த்ததை யாரும் கணக்கு எழுதுவதில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண் மூன்று தடவை குரூப் 4 எழுதினாள். மூன்றாவது தடவையும் கிடைக்கவில்லை. நோட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதற்கிடையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அரை நாள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதில் அவளுக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஒரு நாள் சாயங்காலம் வந்து முகப்பில் உட்கார்ந்தாள். பாதி நோட்டு மிச்சம் இருந்தது. ‘மிஸ், இதையே வச்சுக்கிறேன், முதல் பக்கத்தை மட்டும் கிழிச்சுடட்டுமா?’ என்றாள்.

6ஆம் கேள்வியில் சொன்ன விதியைத்தான் சொன்னேன். பேனாவை வாங்கி, பழைய வரியின் மேல் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, அதன் கீழே புது வரியை எழுதினாள்.